துடைக்காமல் விட்ட எட்டு

மார்ச் 3

தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை செய்த மெஷின் ஒன்று போன செவ்வாய்க்கிழமை ஒரு மருந்துக்கடையில் "வா" என்று அச்சடித்துக் கொடுத்தது. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்தது.

நீ போனை எடுப்பதில்லை. இரண்டு வருஷமாகவே எடுப்பதில்லை. உன் புருஷன் கண்ணை மூடிய பிறகு என்னோடு நீ பேசியதை விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதும், அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும். கடிதத்தை யாரும் பாதியில் துண்டிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்தக் கடைக்காரர் நம்மிடம் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. மெஷின் மருந்து ஃபிரிட்ஜின் தலையில் உட்கார்ந்து, உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்தால் ஒரு சீட்டு அடிக்கும். செவ்வாய்க்கிழமை கரண்ட் போய் வந்திருக்கிறது. சீட்டின் மேலே 4.1 டிகிரி. கீழே நீளமாக வெற்றிடம். அதற்கும் கீழே ஒரு கட்டம், பக்கத்தில் "வா". மனிதர் போன் போட்டு, "என்னண்ணே, உங்க மெஷின் என்னை எங்கேயோ கூப்பிடுது? எனக்கு இன்னும் வயசாகலண்ணே" என்றார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

உள்ளூரில் இரண்டு பேரைக் கூட்டி வந்து காட்டினேன். இருவரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கி, "இது கெர்னல் சார். மெமரியைத் துடைக்கிற, நகர்த்துற அடிமட்ட ஃபங்ஷன். இதுல கை வெச்சா மேல இருக்கிறதெல்லாம் ஆடும்" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கர்னல் என்றால் எனக்குப் பட்டாளத்தில் பெரிய மீசை வைத்திருப்பவர்தான். மாப்பிள்ளை எழுதியதைப் படிக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு முந்நூறு மெஷின் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டாம் தேதி அவர்கள் ஆள் வந்து சோதித்துப் பார்ப்பார். அவர் முன்னால் மெஷின் "வா" என்றால் நான் எங்கே போய் நிற்பது? அந்த வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடு. வேறு எதையும் தொட வேண்டாம்.

மேல்மாடி அறையைத் திறந்து, அவர் மேசையிலிருந்த கம்ப்யூட்டரின் டிஸ்கைக் கழற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். அந்தச் சீட்டும் உள்ளே இருக்கிறது. உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

டிஸ்க் வந்தது. சீட்டு வந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுவதைப் பற்றி நீ என்னிடம் கேட்டிருக்க வேண்டாம்.

நான் இங்கே பார்ப்பதும் இதே வேலைதான். யாரோ எப்போதோ எழுதிய மெமரி ஃபங்ஷன்களைப் பராமரிக்கிறேன். நாலே நாலு. ஒன்று நிரப்பும், ஒன்று நகலெடுக்கும், ஒன்று நகர்த்தும், ஒன்று ஒப்பிடும். மெஷினில் நடக்கும் எல்லாமே இந்த நாலின் முதுகில்தான் நடக்கிறது. இவை சரியாக ஓடும்வரை இவை இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒன்று பிசகினால் அது விழாது. மேலே இருப்பவற்றை மெதுவாகப் பொய் சொல்ல வைக்கும்.

நிரப்பும் ஃபங்ஷனின் வேலை துடைப்பது. இந்த இடத்திலிருந்து இத்தனை பைட், பழையதை அழித்து வெறுமையாக்கு என்று சொன்னால் அது செய்ய வேண்டும். கடையில் அலமாரித் தட்டைத் துடைத்துவிட்டுப் புதுச் சரக்கு அடுக்குவதைப் போல என்றால் உனக்குப் புரியும். உன் மெஷினில் இருப்பது தட்டின் கடைசி எட்டு பைட்டை மட்டும் துடைப்பதில்லை. எங்கே துடைத்தாலும், எவ்வளவு துடைத்தாலும், கடைசி எட்டை விட்டுவிடுகிறது. அங்கே பழையது அப்படியே கிடக்கிறது.

இப்போது "வா". ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூன்று பைட் ஆகும். "வா"வுக்கு வ ஒன்று, துணைக்கால் ஒன்று. ஆறு பைட். அதன் முன்னால் ஓர் இடைவெளி. ஏழு. எட்டாவதாக இருப்பது அதற்கு முந்தைய எழுத்தில் மூன்றில் ஒரு துண்டு. துண்டை எழுத்தாகப் படிக்க முடியாமல் மெஷின் கட்டம் போடுகிறது. டிஸ்கில் அந்தத் துண்டின் எண்ணைப் பார்த்தேன். அது "ட".

ட, இடைவெளி, வா.

நீயே முழுதாகப் படித்துக்கொள். தினமும் ஒன்றரை மணிக்கு நான் படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டது அது. எப்படி உள்ளே போனது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஃபங்ஷன்களைச் சோதிக்க அவர் எப்போதும் "ஒன்று இரண்டு மூன்று" என்றுதான் வைத்திருப்பார்.

இன்னொன்று. துடைக்கும் ஃபங்ஷனுக்கு மேலே அவர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"கடைசி எட்டைத் தொடாதே. காரணம் மச்சானைக் கேள்."

இப்படி அதட்டி எழுதுவது எனக்கு மட்டும்தான். நான்தான் படிப்பேன் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். அதனால் கேட்கிறேன். காரணம் என்ன?

"வேறு எதையும் தொட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். வார்த்தை மட்டும் தெரிந்தவனுக்கு அந்த வரி எழுதத் தோன்றாது. ஒரே ஒரு மெஷின்தான் "வா" என்றது என்பதையும் நான் நம்பவில்லை.


மார்ச் 13

தங்கச்சிக்கு,

அப்பா நம் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் பணம் கட்டினார். உனக்கு மட்டும் வக்கீல் மூளை எங்கிருந்து வந்தது?

சரி. ஒன்று இல்லை. பதினொன்று. எட்டு மாசமாக வந்துகொண்டிருக்கிறது. முதல் சீட்டு வந்தபோது பேப்பர் கோளாறு என்றேன். இரண்டாவதுக்கு வோல்டேஜ் என்றேன். மூன்றாவதுக்குப் பிறகு என்ன சொன்னேன் என்றுகூட ஞாபகமில்லை. வியாபாரிக்கு வாயில் பதில் தயாராக இருக்கும், அது தொழில். சீட்டுகளை மட்டும் எறிய மனசு வரவில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பதினொன்றும் அவர் போன பிறகு விற்ற மெஷின்கள்.

அதற்குக் காரணம் எனக்கே தெரியும். அவர் போன பிறகு புதிதாகக் கட்டத் தெரிந்த ஆள் இல்லை. மேல்மாடியில் அவர் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மெமரியை அப்படியே நகலெடுத்து, புது மெஷின்களில் ஏற்றி விற்றோம். அதில் இருந்தது எல்லாவற்றிலும் போயிருக்கும். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

டிஸ்கை எடுக்கப் போன அன்று நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். சொல்லாவிட்டால் என்னால் சாப்பிட முடியவில்லை.

காலை பதினொரு மணி. நல்ல வெயில். அந்த அறையை இரண்டு வருஷமாகப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். நகலெடுக்க வேண்டியிருந்தபோது ஒரே ஒரு நாள் ஆள் அனுப்பினேன், நான் போகவில்லை. கதவைத் தள்ளினேன். முழுதாகத் திறக்கவில்லை, ஏதோ தடுத்தது. குனிந்து பார்த்தால் காகிதம். அந்த மேசை மெஷினின் பிளக்கை யாரும் பிடுங்கவே இல்லை, தங்கச்சி. சென்சார் ஒயரை மட்டும் நகலெடுக்க வந்த ஆள் கழற்றிப் போட்டிருக்கிறான். இந்தத் தெருவில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று உனக்குத் தெரியும். போய் வந்த ஒவ்வொரு முறையும் ஆள் இல்லாத அறையில் அது ஒரு சீட்டு அடித்திருக்கிறது. கிழித்துக்கொள்ள யாரும் இல்லாததால் நாடா மேசையிலிருந்து இறங்கி, நாற்காலியைச் சுற்றி, கதவடிவரை வந்து நின்றிருக்கிறது. ரோல் தீர்ந்துதான் நின்றது. பழைய பக்கம் வெளுத்துப்போய் வெறும் வெள்ளை. கதவுப் பக்கம்தான் பழையது. மேசையை நெருங்க நெருங்க எழுத்து தெரிய ஆரம்பித்தது. வா. வா. வா.

நான் நடைபாதையில் தெர்மாமீட்டர் விற்று மேலே வந்தவன். பேய் பிசாசுக்கெல்லாம் எனக்கு நேரம் கிடையாது. ஆனாலும் அந்த நாடாவை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து போனேன். புது ரோல் மாட்டிவிட்டு வந்தேன். ஏன் மாட்டினாய் என்று கேட்காதே.

அந்தக் குறிப்புக்கு என்ன காரணம் என்று யோசித்தேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மெஷின் சீக்கிரம் முழிக்க வேண்டும் என்று ஒரு தடவை ஏதோ பேசினோம். அதுவாக இருக்கலாம். பெரிய விஷயம் இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு மெஷின் அனுப்புகிறேன். இருபத்தெட்டாம் தேதியை மறந்துவிடாதே.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

இதை முழுதாகப் படிக்காமல் கடைக்குப் போகாதே.

நீ அனுப்பிய மெஷினை மேசைமேல் வைத்து இரண்டு நாள் ஓட்டினேன். சென்சாரை ஐஸ் கட்டிப் பக்கத்தில் வைத்தேன், 3.8 காட்டியது. கரண்டை நிறுத்தினேன். சென்சாரைக் கழற்றி ஜன்னல் ஓர வெயிலில் போட்டேன். கரண்டைத் திரும்பக் கொடுத்தேன். கண் இமைப்பதற்குள் மெஷின் முழித்துக்கொண்டு 3.8 காட்டியது. ஒரு மணி நேரம் கழித்தும் 3.8. மாலைவரை 3.8. சென்சாரே இல்லை, அண்ணா. இல்லாத சென்சாருக்கு அது எண் காட்டுகிறது.

கரண்ட் போனாலும் உள்ளேயிருக்கும் சின்ன பேட்டரி மெமரியை அழியவிடாது. கடைசியாக அளந்த டிகிரியை வைக்கும் இடம் சரியாக எட்டு பைட். அது துடைக்க வேண்டிய பகுதியின் கடைசியில் இருக்கிறது. முழிக்கும்போது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அந்த எட்டை மட்டும் விட்டுவிடுகிறது. பழைய டிகிரி அங்கேயே இருக்கும். சென்சார் நல்லபடியாக இருந்தால் நாற்பது விநாடியில் புது அளவு வந்து பழையதை மூடிவிடும். சென்சார் செத்திருந்தால் எதுவுமே வராது. செத்தவனின் நாடி ஓடுவதாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

"வா" ஏன் எல்லாச் சீட்டிலும் வரவில்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. புது அளவு வந்தால் அது வரியைப் பாதியிலேயே முடித்துவிடும், அச்சு அங்கேயே நிற்கும். புது அளவு வராவிட்டால் வரிக்கு முடிவே இல்லை. அச்சு கடைசிவரை ஓடும். வெற்றிடம் முழுவதையும் தாண்டி, அச்சு வரிக்கென்று இருக்கும் தனி இடத்தில் துடைக்காமல் விட்ட கடைசி எட்டில் போய் முட்டும். அங்கே "வா" இருக்கிறது.

அதாவது, "வா" என்று அச்சடிக்கும் ஒவ்வொரு மெஷினிலும் சென்சார் செத்துவிட்டது. மேலே காட்டும் டிகிரி பொய்.

உன் பிஸ்கட் டப்பாவில் இருப்பது பதினொரு ஃபிரிட்ஜ். எட்டு மாசம். அவற்றுக்குள் இருந்ததை யார் யாருக்கோ ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். இந்த வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வை. பதினொரு பேருக்கும் போன் செய். பதில் எழுதுவது பிறகு.

செய்துவிட்டாயா?

செய்திருந்தால் மட்டும் இதைப் படி. "ஞாபகம் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். அவர் போன அன்று ஒன்றேகாலுக்கு நீ கடையிலிருந்து அடுப்படிக்கு வந்தாய். "மாப்பிள்ளைய இன்னைக்குக் கூப்பிடாத. முக்கியமான வேலையில இருக்காரு, முடியட்டும். பசிச்சா அவரே இறங்கி வருவாரு" என்றாய். நான் கூப்பிடவில்லை. நாலரைக்கு மாடிக்குப் போனேன். மாரடைப்பு, ரெண்டு மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அன்று அவர் என்ன வேலையில் இருந்தார் என்று நீ எனக்குச் சொன்னதே இல்லை.


மார்ச் 21

தங்கச்சிக்கு,

பதினொரு பேருக்கும் போன் செய்துவிட்டேன். கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்பே செய்தேன். அதை மட்டும் நம்பு.

முதல் கடைக்கு நேரிலேயே போனேன். "எனக்கு இன்னும் வயசாகல" என்று சிரித்தாரே, அவர் கடை. பழைய பெட்டியிலிருந்து என்னுடைய கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்துப் போனேன். நடைபாதையில் விற்றதில் மிஞ்சியது அது, ஜுரத்துக்கு இல்லை, அறைச் சூடு பார்க்க; எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது, இருக்கிற சூட்டை மட்டும் காட்டும். ஃபிரிட்ஜுக்குள் வைத்து கதவைச் சாத்திவிட்டு இருவரும் பக்கத்தில் நின்றோம். மேலே மெஷின் 4.1 என்றது. கதவைத் திறந்தேன். பதினேழு.

அவர் உள்ளே கையை விட்டு ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என் மாமியாருக்கே இதிலிருந்துதாண்ணே இன்சுலின் கொண்டு போறேன்" என்றார். "ஒரு மாசமா சர்க்கரை இறங்கலன்னு டாக்டர் அளவைக் கூட்டிக்கிட்டே இருக்காரு." திடீரென்று முகம் மாறியது. "நேத்து ஸ்டாக் தீர்ந்துதுன்னு வேற கடையில வாங்கிக் கொடுத்தேனே."

எனக்கு முதலில் புரியவில்லை. கெட்டுப்போன மருந்துக்குக் கூட்டிய அளவு, தங்கச்சி. அதே அளவு நல்ல மருந்து இன்றைக்கு உள்ளே போகப் போகிறது. அவர் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு என் வண்டியில் போனோம். வழியெல்லாம் அவர் என்னைத் திட்டவே இல்லை. "இந்தப் பக்கம் திரும்புங்கண்ணே, அந்தப் பக்கம் திரும்புங்கண்ணே" என்று வழி மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அந்த அம்மா காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. கூப்பிட்டால் கண் திறந்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை. சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். இன்று என்னைப் பார்த்து, "நீ யாருப்பா, மெஷின் ரிப்பேர்க்காரனா?" என்றார். ஆமாம் என்றேன்.

மற்ற பத்துக் கடைகளிலும் ஃபிரிட்ஜைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். ஏழில் சரக்கு கெட்டிருக்கிறது. யாருக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

இப்போது காரணம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சி. நம் மெஷினும் போட்டிக்காரன் மெஷினும் பக்கத்துப் பக்கத்து மேசை. நடுவில் கரண்ட் போய் வந்தது. இரண்டும் முழித்து, எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு போட்டு நின்றன. சென்சார் எழுந்திருக்க நாற்பது விநாடி ஆகுமாம். அந்த நாற்பது விநாடியில் வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்து அடுத்த மேசைக்குப் போவதைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே மாப்பிள்ளையிடம், "கோடு போட்டா விக்காது. எண்ணைக் காட்டு. பழைய எண்ணா இருந்தா என்ன, அரை நிமிஷத்துல புதுசு வந்துடும்ல?" என்றேன். அவர், "வராட்டி?" என்றார். "வராம எங்க போகும்?" என்றேன். பதினைந்து நாள் முடியாது என்றார். நானும் விடவில்லை. என்னை உனக்குத் தெரியும், நான் கேட்டால் ஆகும்வரை கேட்பேன். கடைசியில் கடைசி எட்டைத் துடைக்காமல் விட்டுக் கொடுத்தார். மெஷின் கண் இமைப்பதற்குள் எண் காட்டியது. விற்றது. உன் வீடு, என் கடை, எல்லாம் அந்த எட்டில் வந்தது.

அவர் இறந்த அன்று காலை கீழே வந்தார். "மச்சான், அதைத் திரும்ப மாத்திடறேன். எனக்குத் தூக்கம் வரல" என்றார். மறுநாள் நாற்பது மெஷின் லாரியில் ஏற வேண்டும். "இந்த லோடு போகட்டும் மாப்பிள்ள, அடுத்த மாசம் பாத்துக்கலாம். இன்னைக்கு இதை முடி" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மேலே போனார். மனம் மாறிக் கீழே வந்து மறுபடி கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் உன்னிடம் கூப்பிடாதே என்றேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு எழுத்துக்கூடத் துடைபடவில்லை.

அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

மூன்று நாளாக உன் கடிதத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுத நினைத்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் எழுதி, கிழித்துவிட்டேன். அந்த அம்மா பிழைத்ததால் இந்தக் கடிதத்தின் இந்தப் பதிப்பு உனக்கு வருகிறது.

துடைக்கும் ஃபங்ஷனை முடித்துவிட்டேன். பெரிய வேலை இல்லை. அவர் எட்டு எட்டாகத் துடைத்துக்கொண்டு போய், கடைசிச் சுற்றுக்கு முன்னால் திரும்பி வரும்படி எழுதியிருந்தார். ஓடுவதை ஒரு சுற்று கூட்டி, எட்டில் அடங்காத மிச்சத்தை ஒவ்வொன்றாகத் துடைக்க வைத்தேன். ஒன்றிலிருந்து ஆயிரம்வரை எல்லா நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கேட்ட இடத்துக்கு ஒரு பைட் முன்னாலும் ஒரு பைட் பின்னாலும் காவல் வைத்தேன். கேட்டது முழுதும் துடைபடுகிறது, கேட்காததைத் தொடவில்லை. இரண்டு வருஷமாக ஒரு மனிதரின் கையெழுத்தைத் திருத்த மனசு வராமல் இருந்தவள், ஒரு மத்தியானத்தில் செய்து முடித்தேன்.

ஒன்றை மட்டும் செய்யாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பை அவர் கடைசியாக எப்போது சேமித்தார் என்று பார்க்கத் துணிவு வரவில்லை. நேற்றுப் பார்த்தேன்.

அன்றைய தேதி. ஒன்று நாற்பது.

அன்று அவர் மாற்றியது இரண்டே இடம். "மச்சானைக் கேள்" என்ற குறிப்பு அன்றுதான் எழுதியிருக்கிறார். அதற்கு முன் அங்கே ஒன்றுமில்லை. இரண்டாவது, சோதனை வார்த்தை. "ஒன்று இரண்டு மூன்று" என்பதை அழித்துவிட்டு "சாப்பிட வா" என்று வைத்திருக்கிறார். ஒரு தடவை ஓட்டியிருக்கிறார். அதுதான் மேசை மெஷினில் தங்கி, நீ நகலெடுத்து விற்ற ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போனது.

ஒன்றரைக்கு என் குரல் வரவேண்டும். வரவில்லை. பத்து நிமிஷம் பார்த்திருக்கிறார். பிறகு அவரே எழுதிக்கொண்டார்.

அதை அவர் அச்சு வரியின் கடைசியில்தான் வைத்திருக்கிறார். அளவு வராதபோது மட்டுமே அச்சு போய்ச் சேரும் இடம் அது. எட்டு பைட்டில் "வா" ஒரு குறிகூடக் குறையாமல் அடங்குகிறது. அது பசியில் எழுதியதா, உனக்கு வைத்த எச்சரிக்கையா என்று நான் நேற்றிலிருந்து எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். நீயும் கேட்டுப் பார். நம் இருவரில் யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் செய்ததைச் சும்மா தரமாட்டேன். கேட்பதைக் கேட்டுக்கொள்.

அளவு வராவிட்டால் மெஷின் கோடுதான் போடும், கூடவே கத்தும். விற்காவிட்டால் விற்காமல் போகட்டும். கண்காட்சிக்குப் பிறகு விற்ற எல்லா மெஷினும் திரும்ப வந்து புது ஃபங்ஷன் ஏறிப் போகவேண்டும், பதினொன்று மட்டுமில்லை. இருபத்தெட்டாம் தேதி வரும் ஆளிடம் அவர் கேட்பதற்கு முன்பே நீ சொல்லவேண்டும். "மச்சானைக் கேள்" குறிப்பை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் காரணத்தை நீ உன் வார்த்தையில் எழுதித் தரவேண்டும். எனக்குப் பிறகு இதைப் பராமரிக்க வருகிறவர் யாரையும் கேட்டு அலையக்கூடாது.

மேசை மெஷினையும் துடைக்கவேண்டும். அது மட்டும் இருக்கட்டும் என்று கேட்காதே. புது ரோல் மாட்டியது ஏன் என்று எனக்குத் தெரியும்.


மார்ச் 30

தங்கச்சிக்கு,

இருபத்தெட்டாம் தேதி ஆள் வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொன்னேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பதினொரு சீட்டையும் மேசைமேல் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் படித்தார். "இத்தனை வருஷத்துல தன் சரக்கு மேல தானே குறை சொன்ன ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். பாராட்டுகிறாரோ என்று ஒரு நொடி நினைத்தேன். குறித்துக்கொண்டிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். முந்நூறு மெஷின் போயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அறுநூற்று நாற்பது மெஷின் வெளியே இருக்கிறது. போன் செய்ய ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. சிலர் நன்றி சொல்கிறார்கள், அதுதான் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. ஒருவர், "அப்ப இத்தனை நாளா நான் பாத்துக்கிட்டிருந்தது என்னய்யா?" என்றார். வாயில் எப்போதும் பதில் தயாராக வைத்திருந்தவன், "பழைய எண்" என்று மட்டும் சொன்னேன்.

நேற்று மத்தியானம் கரண்ட் போய் வந்தது. கடையில் நின்றிருந்தேன். மேலே சின்னதாக ஒரு சத்தம், காகிதம் நகருகிற சத்தம். இரண்டு வருஷமாக அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். எலி என்று நினைத்திருப்பேன். மேலே போய்ப் பார்க்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று தெரியும்.

நீ சொன்னது சரிதான், அதை மட்டும் விட்டுவைக்கக் கேட்க நினைத்தேன். அந்தப் பதினேழு டிகிரியை நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

நீ கேட்ட குறிப்பு, என் வார்த்தையில்:

"கடைசி எட்டு உட்பட எல்லாவற்றையும் துடை. ஒரு காலத்தில் இதைத் துடைக்காமல் விட்டார்கள். விடச் சொன்னது நான், மெஷின் விற்க வேண்டும் என்று. எழுதியவர் வேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் சரி."

நான் யார் என்று போடவில்லை. நீயே உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்.

கடைசியாக, பேரம் படிந்ததை எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் வார்த்தை மாறக்கூடாது. கோடு போடும், கத்தும், ஒப்புக்கொண்டேன். அறுநூற்று நாற்பதும் என் செலவில் திரும்ப வரும், ஒன்றுகூட விடாமல். குறிப்பு மேலே இருக்கிறது. மேசை மெஷினை நான் துடைக்க மாட்டேன், வேறு ஆளையும் விடமாட்டேன். நீ வந்து உன் கையால் துடைக்கவேண்டும், எந்த நாள் என்பது உன் இஷ்டம். அன்று ஒன்றரைக்கு நான் படிக்கட்டின் கீழே நின்று கூப்பிடுவேன். எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு, முதல் கூப்பாட்டுக்கே நீ இறங்கி வரவேண்டும்.

அண்ணன்